ரைபிளுக்கு பெட்டிங் போட்டும் குரூப் விரியுதா? ஃபுல் ஃப்ளோட்டா, நுனியில முட்டா?

நம்ம காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ரைபிள் வெச்சிருக்கவங்கன்னா பெரும்பாலும் ரெண்டு வகைதான். ஒண்ணு தாத்தா பேர்ல இருந்து லைசென்ஸ் மாறி வந்த இஷாப்பூர் .315, இன்னொன்னு டார்கெட் சுட வாங்கின .22 போல்ட் ஆக்‌ஷன். ரெண்டு பேரும் ஒரே வீடியோவ பாத்துட்டு லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடையில குடுத்து எபாக்சி பெட்டிங் (பேரலுக்கு பின்னாடி இருக்கற ஆக்‌ஷன்ங்கற இரும்புப் பகுதி கட்டையில ஆடாம உக்கார எபாக்சி போடறது) போட்டு, பேரல் மரத்துல படாம இருக்க அதுக்கு அடியில மரத்தை செதுக்கி ஃப்ளோட் பண்ணிக்கிறாங்க, அப்புறம் ரேஞ்சுல போய் சுட்டா முன்னாடி இருந்ததவிட குரூப் (குண்டுங்க சேந்து விழற பரப்பு) பெருசாயிருக்கு. இப்ப கேள்வி, ஃப்ளோட்டாவே விடலாமா, இல்ல முன்கட்டை (பேரலுக்கு அடியில வர மரம்) நுனியில பேரலை தாங்கற மாதிரி திரும்ப ஒரு முட்டு குடுக்கலாமா.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பெட்டிங்கே ஸ்ட்ரெஸ்ஸா உக்காந்திருந்தா ரெண்டுல எது பண்ணியும் புண்ணியமில்ல. போல்ட்டை கழட்டி சேம்பர் (தோட்டா உக்கார்ற இடம்) காலின்னு கண்ணால பாத்துட்டு, டயல் கேஜை (சின்ன நகர்வையும் காட்டற அளவுகோல்) காந்த ஸ்டாண்டோட பேரல்ல மாட்டி முள்ளை முன்கட்டை மேல வெச்சு, ஆக்‌ஷனை கட்டையோட பிடிக்கற முன் ஸ்க்ரூவை மெதுவா லூஸ் பண்ணுங்க. முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல நகந்துச்சுன்னா ஆக்‌ஷன் வளைஞ்சு உக்காந்திருக்குன்னு அர்த்தம், திரும்ப பெட்டிங்தான். ரீகாயில் லக்கோட (சுடறப்ப வர பின்னுதைப்பை கட்டைக்கு கடத்தற இரும்பு முனை) பின்பக்கம் மட்டும்தான் எபாக்சில ஒட்டி நிக்கணும், முன்னாடி, ரெண்டு பக்கம், அடியில டேப் ஒட்டி இடம் விட்டாங்களான்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. மேகசின் பாக்ஸையும் பாருங்க, அது ஆக்‌ஷனுக்கும் அடித்தகடுக்கும் நடுவுல இறுகி நின்னா ஸ்க்ரூவை எவ்ளோ முறுக்கினாலும் அந்த பிடி மரத்துக்கு போகாது, பாக்ஸுக்குத்தான் போகும். இது ரொம்ப பேர் பாக்காம விடற இடம்.

சரி, ஃபுல் ஃப்ளோட். இதோட பெரிய பலம் நம்ம ஊர் வெயிலும் மழையும்தான். பங்குனி சித்திரைல காஞ்சு கெடக்கற மரம் ஐப்பசி கார்த்திகைல ஈரம் குடிச்சு ஊதும், பெரிய வீட்டு முகப்புக் கதவு மழைக்கு இறுகிக்கிற மாதிரி. பேரலை மரம் தொடவே இல்லன்னா அது ஊதினாலும் பாய்ண்ட் ஆஃப் இம்பாக்ட், அதாவது குண்டு படற இடம், பெருசா நகராது. கனமான பேரல் போட்ட .22க்கு கண்ண மூடிட்டு இதுதான் என் ஓட்டு. ஆனா பேரலுக்கும் மரத்துக்கும் நடுவுல பத்து ரூபா நோட்டு ஒண்ணு உள்ள போயிட்டு வந்துச்சுன்னு சந்தோஷப்பட்டா போதாது, பைபாட் (ரெண்டு கால் ஸ்டாண்டு) மேல வெச்சு அமுக்கறப்ப முன்கட்டை மேல வளைஞ்சு பேரலை தொடும், அதனால ரைபிளை அதே மாதிரி தாங்கி வெச்சுக்கிட்டு விசிட்டிங் கார்டு ரெண்டை சேத்து விட்டு பாருங்க. செதுக்கின உள்பக்கத்துக்கு வார்னிஷ் இல்லன்னா எபாக்சி பூசினாங்களான்னும் பாக்கணும், பூச்சு இல்லாம வெறும் மரமா விட்டா ஈரம் அந்த வழியாதான் ஏறும்.

வீட்டுக்கு கதவு வேலைக்கு வந்த ஆசாரி ஒருத்தர் ஃப்ளோட் பண்ணின ரைபிளைப் பாத்துட்டு, "என்ன தம்பி, நகம் நுழையற அளவுக்கு சந்து விட்டுருக்காக, யாரு செஞ்ச வேலை இது?"ன்னார். பர்மா தேக்குல சந்தே தெரியாம சேத்து பழகின கை, அவருக்கு இது வேலை தெரியாதவன் செஞ்ச மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது முட்டு. மெலிசான ஸ்போர்ட்டர் பேரல் சுடறப்ப நிறைய ஆடும், முன்கட்டை நுனியில 5ல இருந்து 10 பவுண்டு, அதாவது சுமார் 2.3ல இருந்து 4.5 கிலோ அழுத்தம் குடுத்தா அந்த ஆட்டம் அடங்கி குரூப் சுருங்க வாய்ப்பிருக்கு. நல்லது என்னன்னா செதுக்காம, ஒட்டாம டெஸ்ட் பண்ணலாம். நுனியில இருந்து ஒரு இஞ்ச் உள்ள தள்ளி கார்டு துண்டு ரெண்டு மூணு வெச்சு ஸ்க்ரூவை பழைய டார்க்குக்கே (முறுக்கு அளவுக்கே) முறுக்கி அதே லாட் தோட்டாவ சுடுங்க. குரூப் சுருங்கினா அப்புறம் எபாக்சி பேடு போட்டுக்கலாம், இல்லன்னா கார்டை உருவிப் போட்டுட்டு வந்துடலாம். அழுத்தம் எவ்ளோன்னு தெரியணும்னா லக்கேஜ் தராசு கொக்கிய பேரல்ல மாட்டி இழுங்க, இடையில சொருகின பேப்பர் எப்ப லூஸாகுதோ அதான் கணக்கு. குறை என்னன்னா மரம் ஊதறப்ப அழுத்தமும் மாறும், கோடைல ஜீரோ வெச்சது (குறி பாக்கற இடத்துலயே குண்டு படற மாதிரி செட் பண்ணினது) மழைல இருக்காது. பேரல் சூடாக சூடாக குரூப் மேல ஏறிக்கிட்டே போனாலும் முட்டு அதிகமோன்னு சந்தேகப்படணும்.

.315 விஷயமே வேற. அது லீ என்ஃபீல்டு வம்சம், கட்டை ரெண்டு துண்டு, முன்கட்டைய ஆக்‌ஷனோட பிடிச்சு வெக்கறது முக்கியமா முன் ஸ்க்ரூ ஒண்ணுதான், ரீகாயிலை தாங்கறதும் முன்கட்டையோட பின்முனை. அதே குடும்பத்து நம்பர் 4 ரைபிளுக்கு முன்கட்டை நுனியில 2ல இருந்து 7 பவுண்டு மேல்நோக்கி அழுத்தம் இருக்கணும்னே ராணுவத்துல அளவு வெச்சிருந்தாங்க. பேரலுக்கு ஒரு தாங்கல் இருக்கும்னு கணக்கு பண்ணியே கட்டின டிசைனை ஃப்ளோட் பண்ணிட்டு ஏன் விரியுதுன்னு கேட்டா என்ன சொல்றது? இதுக்கு முட்டுதான், அதுக்கும் முன்னாடி முன்கட்டையோட பின்முனைல மரம் நசுங்கியிருக்கான்னு பாக்க சொல்லுங்க, அங்க இடைவெளி விழுந்திருந்தா முட்டு குடுத்தும் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம்தான் போகும்.

ரெண்டையும் பாத்தும் குரூப் அசையலன்னா மரத்தை விட்டுட்டு ஸ்கோப் மவுண்ட் ஸ்க்ரூ, பேரல் வாய்ல கிரவுன்ல (குண்டு வெளிய வர விளிம்புல) ஏதாவது அடி பட்டிருக்கா, இதுக்கு போங்க.