அடம்பிடிக்கும் பித்தநாளக் கல்: வெளியிலிருந்து ஷாக் வேவா, உள்ளே போய் லேசரா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பித்தப்பையில் இருக்கும் கல் வேறு, அங்கிருந்து இறங்கிப் பித்தநாளத்தில், அதாவது பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயில், மாட்டிக்கொண்ட கல் வேறு. பித்தப்பைக் கல்லை 1980களில் ஷாக் வேவ், அதாவது உடலுக்கு வெளியிலிருந்து அதிர்ச்சி அலை, கொடுத்து உடைத்துப் பார்த்தார்கள். பை அங்கேயே இருந்ததால் பலருக்கு மறுபடி கல் வந்தது, லேப்ராஸ்கோப்பியில் பையையே எடுத்துவிடும் அறுவை பரவியதும் அந்தச் சிகிச்சை ஓரங்கட்டப்பட்டது. அதை எங்கோ படித்துவிட்டு "ஷாக் வேவ் எல்லாம் பழங்கதை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நாளத்துக் கல்லுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது.

அம்மாவுக்கு இந்தக் கல் வந்தபோதுதான் இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். மஞ்சள் காமாலை, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுக் கல்லை எடுப்பது) செய்தும் கல் வரவில்லை, பித்தம் வடிய ஸ்டென்ட் என்ற ஒரு சின்னக் குழாயை நாளத்தில் வைத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்து என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

பெரும்பாலான நாளத்துக் கற்கள் ஈ.ஆர்.சி.பி.யிலேயே வந்துவிடும். வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, நாளம் குடலில் திறக்கும் வாயைச் சின்னதாக வெட்டிவிட்டு, பலூன் அல்லது கம்பிக்கூடையால் கல்லை இழுத்துவிடுவார்கள். 1974இல் தொடங்கிய முறை இது. பத்தில் ஒன்று என்று சொல்லக்கூடிய அளவுக்குத்தான் அடம்பிடிக்கும். 15 மில்லிமீட்டருக்கு மேல் பெரிய கல், நாளத்தை அடைத்துக்கொண்டு பீப்பாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் கல், சுருங்கிப்போன இடத்துக்கு மேலே இருக்கும் கல், ஈரலுக்குள் இருக்கும் கல். இதில் எந்த ரகம் என்று தெரியாமல் எந்தச் சிகிச்சை நல்லது என்று பேசவே முடியாது. கல் பெரிதா, அல்லது வழி சிறிதா? நான் டாக்டரிடம் இதைத்தான் முதலில் கேட்பேன்.

வழிதான் சிறிது என்றால் ஷாக் வேவுக்கே போக வேண்டியதில்லை. சின்ன வெட்டுக்குப் பிறகு 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை விரியும் பெரிய பலூனால் வாயை அகலப்படுத்தினால் பல கற்கள் உடைக்காமலேயே வந்துவிடும். ஆனால் நாளத்தின் அடிப்பகுதியே ஒடுங்கியிருந்தால் பலூனை அதிகம் விரிப்பது ஆபத்து, கிழிந்துவிடும்.

அடுத்தது கூடைக்குள் கல்லைப் பிடித்து இறுக்கி நொறுக்கும் முறை. கைக்கு எட்டும் கருவி, அதே அமர்வில் முடியும். ஆனால் கல்லைச் சுற்றிக் கூடை விரிய இடம் வேண்டுமே! நாளத்தை முழுக்க அடைத்த கல்லில் அந்த இடம் இருக்காது. சில நேரம் கூடை கல்லோடு சேர்ந்து உள்ளேயே மாட்டிக்கொள்வதும் உண்டு, அப்படி மாட்டியதை விடுவிக்க ஷாக் வேவையே கூப்பிட்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம்.

வெளியிலிருந்து கொடுக்கும் ஷாக் வேவ் சிறுநீரகக் கல்லுக்கு 1980இல் மியூனிக்கில் தொடங்கியது. உடலுக்கு வெளியே உண்டாகும் அலை தோலையும் சதையையும் பெரிய சேதம் இல்லாமல் கடந்து, கல் இருக்கும் ஒரே புள்ளியில் குவிகிறது. சதையும் தண்ணீரும் அலைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், கல் மட்டும் வேறு. அதனால் அடி கல்லின் மேல்தான் விழுகிறது. சிறுநீரகக் கல் பொடியானால் சிறுநீரோடு போய்விடும். இங்கே அப்படி இல்லை. நாளத்தின் வாயில் இறுக்கும் தசை இருக்கிறது, அதை முன்பே வெட்டியிருக்க வேண்டும், துண்டுகளைப் பெரும்பாலும் மறுபடி ஈ.ஆர்.சி.பி. செய்துதான் வெளியே எடுக்க வேண்டும். தவிர, பித்தக் கற்களில் பல எக்ஸ்ரேயில் தெரியாது. எனவே மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை நாளம் வரை விட்டு, அதில் சாயம் செலுத்தி, கல்லின் நிழலைப் பார்த்துக் குறிவைக்கிறார்கள். அந்தக் குழாய் நாள்கணக்கில் மூக்கில் இருக்கும். அம்மாவுக்கு அலையின் வலியைவிட அந்தக் குழாய்தான் பெரிய தொந்தரவாக இருந்தது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரே அமர்வில் முடிவதும் அபூர்வம், இரண்டு மூன்று அமர்வுகளுக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்வது நல்லது.

உள்ளே போகும் முறையில், ஈ.ஆர்.சி.பி. ஸ்கோப்புக்குள்ளேயே இன்னொரு மெல்லிய ஸ்கோப்பை நாளத்துக்குள் விட்டு, கல்லைக் கண்ணால் பார்த்துக்கொண்டே லேசராலோ மின்பொறியாலோ உடைக்கிறார்கள். இந்த மின்பொறி முறையும் ஷாக் வேவ்தான். தண்ணீருக்குள் பொறி பறக்கும்போது உண்டாகும் அலை கல்லைப் பிளக்கிறது, மூலம் மட்டும் கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முனை கல்லை விட்டு நாளத்தின் சுவரைத் தொட்டால் ஓட்டை விழலாம் என்பதால்தான் நேரில் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. உப்பு நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பதால் கிருமி மேலே தள்ளப்பட்டு நாளத்தில் தொற்று வரவும் வாய்ப்புண்டு, அதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள்.

எது ஜெயிக்கிறது? 1998இல் வெளியான ஒரு ஒப்பீட்டு ஆய்வில் 60 பேரை இரண்டாகப் பிரித்துச் சிகிச்சை கொடுத்தார்கள். லேசர் பெற்ற 30 பேரில் 29 பேருக்கு நாளம் சுத்தமானது, வெளியிலிருந்து ஷாக் வேவ் பெற்ற 30 பேரில் 22 பேருக்கு. சின்ன ஆய்வுதான், அதற்குப் பிறகு ஸ்கோப்புகளும் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் மெல்லிய ஸ்கோப்பும் பழகிய கையும் இருக்கும் இடத்தில் உள்ளே போவதுதான் என் முதல் தேர்வு. அமர்வுகள் குறையும், மூக்குக் குழாய் இல்லை.

அப்படியானால் வெளி அலைக்கு என்ன வேலை? அந்த ஸ்கோப்பே இல்லாத இடத்தில், அல்லது சுருக்கத்துக்கு மேலே ஸ்கோப்பின் முனை எட்டாத கல்லுக்கு, அது இன்றும் நல்ல வழி. சிலர் இதைப் பழைய கருவி என்று கேட்டதுமே ஒதுக்கிவிடுகிறார்கள், அது தவறு. ஆனால் எல்லோருக்கும் கொடுக்க முடியாது: கர்ப்பிணிகள், இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்கள், அலை போகும் வழியில் நுரையீரலோ வீங்கிய பெரிய இரத்தக் குழாயோ இருப்பவர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தோலில் இரத்தக் கட்டு, சிறுநீரில் இரத்தம், இதயத் துடிப்பில் தடுமாற்றம், நாளத்தில் தொற்று இவையெல்லாம் வரக்கூடியவை.

ஸ்டென்டை மட்டும் வைத்துவிட்டு இருந்துவிடலாமா என்று வயதானவர்கள் வீட்டில் கேட்பார்கள். சில மாத அவகாசம் கிடைக்கும், கல் கொஞ்சம் தேய்ந்து சிறிதாவதும் உண்டு. ஆனால் பிளாஸ்டிக் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். 3 முதல் 6 மாதத்துக்குள் மாற்றவோ எடுக்கவோ வேண்டும், மறந்துவிட்டால் காய்ச்சலும் காமாலையும் திரும்பி வரும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். தேதியைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். பித்தப்பையும் இன்னும் உள்ளே இருந்து, உடம்பும் தாங்கும் என்றால், லேப்ராஸ்கோப்பியில் பையையும் நாளத்துக் கல்லையும் ஒரே அறுவையில் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

கடைசியில் ஒன்று. கல் உடைந்த பிறகு சாயம் விட்டு எடுக்கும் படத்தில் காற்றுக்குமிழியும் சின்னத் துண்டும் ஒரே மாதிரி தெரியும், அதனால் மிச்சம் தப்பிவிடலாம். உள்ளே ஸ்கோப் போயிருந்தால் நேரிலேயே பார்த்துவிடலாம். அம்மாவுக்கு இரண்டாவது அமர்வு முடிந்து படம் சுத்தம் என்றார்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி காய்ச்சல் வந்தபோது உள்ளே ஒரு துண்டு இருந்தது.