இணைப்புக் காலத்துக்கு ஒரு வகுப்பு: 24 சீட்டுகள் கற்றுக்கொடுத்தது

மீனம்பாக்கத்தில் விமானச் சரக்கு கையாளும் நிறுவனம் ஒன்றில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது இரவு ஷிப்டுக்கு சூப்பர்வைசர். எங்கள் நிறுவனத்தை இன்னொன்றோடு இணைக்கப் போகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்த அடுத்த மாதமே, எங்களில் 14 பேரை இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். விமான நிறுவனங்கள் இணையும்போது ஊழியர்களை எப்படி வழிநடத்துவது என்பதுதான் பாடம். தலைக்கு 9,000 ரூபாய், கம்பெனியே கட்டியது. குறைகளும் எழுதப் போகிறேன் என்பதால் நடத்தியவர்களின் பெயர் வேண்டாம். இப்படி ஒரு வகுப்புக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள் எதைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கட்ட வேண்டும் என்று சொன்னால் போதும்.

முதல் நாள் காலை வீண். மாற்றம் வந்தால் மனம் எப்படி இறங்கி, எப்படி மறுபடி ஏறும் என்று திரையில் ஒரு வளைகோடு. அதற்கே இரண்டு மணி நேரம். என் ஷிப்டில் இருக்கும் பையன்கள் என்னிடம் கேட்பது வேறு. "அக்கா, நைட் அலவன்ஸ் இருக்குமா? ஓ.டி. குறையுமா? அந்தக் கம்பெனி ஆளுங்க நமக்கு மேல வந்துடுவாங்களா?" இந்த மூன்றுக்கும் அந்த வளைகோட்டில் பதில் இல்லை. ஸ்லைடு எல்லாம் ஆங்கிலத்தில். லோடராகச் சேர்ந்து மேலே வந்தவர்கள் எங்களில் பாதிப் பேர். தேநீர் இடைவேளையில் போய்ச் சொன்னேன். பயிற்சியாளர் முகம் சுளிக்காமல் அதன்பிறகு தமிழிலேயே நடத்தினார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மதியத்துக்கு மேல் வகுப்புக்கு உயிர் வந்தது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007இல் இணைந்த கதையை எடுத்தார். காகிதத்தில் ஒரே நிறுவனம். ஆனால் சம்பளம், பதவி உயர்வு எல்லாம் இரண்டு வழியாகவே போய்க்கொண்டிருந்தன. இரண்டு பக்கத்து ஊழியர் விதிகளையும் ஒன்றாக்க வழி சொல்லச் சொல்லி நீதிபதி தர்மாதிகாரி குழுவை அமைத்தது 2011இல்தான். அதே ஆண்டு சம்பளம் சமமாக வேண்டும் என்று பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு மறுபக்கத்து, பழைய ஏர் இந்தியா விமானிகள். புது ட்ரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சியை யாருக்குக் கொடுப்பது என்பதில் ஆரம்பித்து அந்த வேலைநிறுத்தம் 58 நாள் நீண்டது. முதல் நாளே தீர்த்திருக்க வேண்டிய கணக்கு, வட்டியும் முதலுமாக வந்து நின்றது என்றார். எனக்கு அப்போதே எங்கள் ரோஸ்டர் பலகை கண்முன் வந்துவிட்டது.

பிறகு விஸ்தாரா விமான நிறுவனத்தின் கதை. 2024 நவம்பர் 12 அன்று அது ஏர் இந்தியாவோடு இணைந்தது. விஸ்தாராவின் பழைய விமானங்களுக்கு 2 என்று தொடங்கும் நான்கு இலக்க எண் கொடுத்ததால், பயணிக்கு எது எது என்று குழப்பம் வரவில்லை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில், இணைப்புக்கு முன்பே, புதிய சம்பள முறையில் மாதம் 70 மணி நேரப் பறப்புக்கு உறுதியாக இருந்த ஊதியத்தை 40 மணி நேரத்துக்குக் குறைத்தது விமானிகளைக் கொதிக்க வைத்தது. ஏராளமான விமானங்கள் ரத்தாயின. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாரே, அதுதான் அன்றைய தினத்தின் நல்ல பாடம்.

இரண்டாம் நாள் காலை நடந்த ஒரு பயிற்சிக்காகவே 9,000 ரூபாய் தகும். பச்சையில் 12 சீட்டு, மஞ்சளில் 12. ஒவ்வொன்றிலும் வேலையில் சேர்ந்த தேதியும் இப்போதைய பதவியும். பச்சை பழைய கம்பெனி: ஆட்கள் மூத்தவர்கள், பதவி உயர்வு மெதுவாக வந்தது. மஞ்சள் புதுசு: சேர்ந்து நாலு வருடத்தில் சூப்பர்வைசர். இரண்டையும் சேர்த்து ஒரே சீனியாரிட்டி பட்டியல் போட 20 நிமிடம் கொடுத்தார். தேதிப்படி அடுக்கினால் மஞ்சள் முழுக்க அடியில் போகிறது. பதவிப்படி அடுக்கினால் பச்சை போகிறது. ஆளாளுக்கு ஒரு நியாயம். ராம்ப் (விமானம் நிற்கும் தளம்) பக்கத்து அண்ணன் ஒருவர் 24 வருட சர்வீஸ். கையிலிருந்த பச்சைச் சீட்டு மூன்றாம் இடத்திலிருந்து பதினோராம் இடத்துக்கு இறங்கியதும் எழுந்துவிட்டார். "வெறும் சீட்டுதான் சார், எனக்கே தெரியுது. ஆனா வயிறு எரியுதே" என்றார். அதன்பிறகு அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சரியாக அந்த இடத்தில் அமெரிக்கக் கதை இரண்டைச் சொன்னார். யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005இல் இணைந்தன. விமானிகளின் சீனியாரிட்டி பட்டியலை நடுவர் 2007இல் கொடுத்தார். பல ஆண்டு மூத்தவர்கள் சமீபத்தில் சேர்ந்தவர்களுக்குக் கீழே போனார்கள். பழைய யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் அதை ஏற்காமல் பழைய சங்கத்தையே மாற்றினார்கள். 2013இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு அடுத்த இணைப்பு வந்தபோதும் இரண்டு பட்டியலாகவே பறந்துகொண்டிருந்தார்கள். டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2008இல் இணைந்தபோதோ, விமானிகளுக்கான பொது ஒப்பந்தம் இணைப்பு முடியும் முன்பே தயார். நடுவர் பட்டியல் அந்த டிசம்பரிலேயே வந்துவிட்டது. அந்தச் சீட்டை முதலில் கையில் பிடிக்காமல் இந்தக் கதைகளைக் கேட்டிருந்தால் எங்களுக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

குறை என்றால், எல்லா உதாரணமும் விமானிகளைச் சுற்றியே. தரையில் நிற்பவர்கள் வரவே இல்லை. கம்பெனி மாறினால் எங்களுக்கு முதலில் பிரச்சினை ஆவது நுழைவுப் பாஸ். அதில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். புதுப் பாஸ் கைக்கு வராதவன் கேட்டுக்கு வெளியே நிற்பான், அவன் ஷிப்டை யார் பார்ப்பது? கேட்டேன். பயிற்சியாளர் குறித்துக்கொண்டாரே தவிர பதில் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஷெட்டில் பாதிக்கு மேல் அவர்கள்தான், அதிகம் பயப்படுவதும் அவர்கள்தான்.

சாப்பாடு நன்றாக இருந்தது. தந்த புத்தகம் தேவையில்லை.

முதல் நாள் காலையை வெட்டிவிட்டு ஒன்றரை நாளாக நடத்தச் சொன்னால் தாராளமாக அனுப்பலாம். சீட்டுப் பயிற்சி இருக்கிறதா, தரைப் பணியாளர் உதாரணம் உண்டா, தமிழில் நடத்துவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்த வாரம் டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினோம். இடது பக்கம் பையன்கள் கேட்கும் கேள்வி, வலது பக்கம் பதில் தெரியும் தேதி. பதில் இல்லையென்றால் "வெள்ளிக்கிழமை சொல்கிறோம்" என்று எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை வந்ததும் பலகை முன் போய் நிற்கிறேன். நைட் அலவன்ஸுக்குப் பதில் வந்துவிட்டது, அப்படியே தொடரும். சீனியாரிட்டிக்கு எதிரே இன்னும் தேதி மட்டும்தான் இருக்கிறது.