மாதம் 25,000 ரூபாய் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்': பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

காங்கேயம் பக்கம் எங்களுக்கு மரச்செக்கு எண்ணெய்க் கடை. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றையும் கடையிலும் விற்கிறோம், பார்சலிலும் அனுப்புகிறோம். ஆன்லைன் விளம்பரத்தை ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருந்தோம். மாதம் 25,000 ரூபாய். அதில் 12,000 கூகுளுக்கு, 8,000 ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு, மீதி 5,000 அவர்கள் கூலி என்று பேச்சு. பெயரைக் கேட்காதீர்கள், இதே மாதிரி வேலை செய்கிற ஆட்கள் நிறைய இருப்பதால்தான் எழுதுகிறேன்.

ரிப்போர்ட் மட்டும் மாதா மாதம் அம்சமாக வரும். கலர் கலராக கிராஃப், லட்சத்தில் இம்ப்ரெஷன் (விளம்பரம் திரையில் வந்த எண்ணிக்கை), ஆயிரத்தில் கிளிக், கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் '212 கன்வர்ஷன்', அதாவது விளம்பரம் பார்த்து வாங்க வந்தவர்கள் என்று கணக்கு. அதே மாதம் விளம்பரம் பார்த்து வந்த ஆர்டர், எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 14-தான். 20,000 ரூபாயை 14-ஆல் வகுத்தால் ஒரு ஆர்டரைப் பிடிக்க 1,400-க்கு மேல் செலவு, ஐந்து லிட்டர் கேன் விற்றால் கூரியர் போக எங்களுக்கு நிற்பது 200, 250. மிச்சம் 198 பேர் எங்கே என்று கேட்டால், "பிராண்ட் அவேர்னெஸ் பில்ட் ஆகுதுங்ண்ணா, கொஞ்சம் டைம் எடுக்கும்" என்று பதில் வரும்.

சரி, கூகுள் கொடுத்த பில்லைக் காட்டுங்கள் என்றோம். தரவில்லை. எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரே பில்லாம், அது அவர்கள் பெயரில்தான் வருமாம். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள், தேதி தெரியாதபடி வெட்டி. அடுத்த மாதப் பணத்தை நிறுத்திய பிறகுதான் கூகுள் விளம்பர அக்கவுன்டைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தார்கள், என் அக்கா மகன் உட்கார்ந்து துழாவினான்.

12,000 என்று சொன்ன இடத்தில் செலவானது 6,700 சொச்சம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால்கூட 8,000-ஐத் தொடவில்லை. அதைவிட வயிற்றெரிச்சல், அந்த 6,700 போன வழி. சர்ச் டெர்ம்ஸ் என்று ஒரு பட்டியல் உண்டு, ஆட்கள் என்ன தட்டச்சு செய்தபோது நம் விளம்பரம் வந்தது என்று அதில் தெரியும். 'மரச்செக்கு மெஷின் விலை', 'ஆயில் மில் வேலை', 'செக்கு எண்ணெய் பயிற்சி' என்று எண்ணெய் வாங்க வராதவர்கள்தான் பாதி. இந்தச் சொற்களுக்கு விளம்பரம் வேண்டாம் என்று தடுக்க நெகட்டிவ் கீவேர்ட் போடலாம், ஒன்றுகூடப் போடவில்லை. டிஸ்ப்ளே நெட்வொர்க் (கூகுள் தேடலுக்கு வெளியே மற்ற வெப்சைட், ஆப்களிலும் விளம்பரம் காட்டுவது) டிக் எடுக்காமல் இருந்ததால் குழந்தைகள் விளையாடுகிற கேம் ஆப்களில் விளம்பரம் ஓடி, கை தவறிப் பட்டதெல்லாம் கிளிக் கணக்கில் ஏறியிருக்கிறது. அதையும் விடுங்கள், நன்றாக நடந்ததாகக் காட்டிய விளம்பரம் எது தெரியுமா? எங்கள் கடைப் பெயரையே தேடியவர்களுக்குக் காட்டியது! பெயர் தெரிந்து தேடுகிறவருக்குக் கூகுள் மேப்பிலேயே எங்கள் நம்பர் இலவசமாக வருகிறது, அந்த ஆளை எங்களிடமே காசு வாங்கிக்கொண்டு எங்களிடம் கூட்டிவந்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த 212. வெப்சைட்டின் முதல் பக்கம் திறந்தாலே ஒரு கன்வர்ஷன் என்று செட் செய்து வைத்திருந்தார்கள்.

ஃபேஸ்புக் பக்கம் இன்னும் சுலபமாகத் தெரிந்தது. மெட்டா ஆட் லைப்ரரி என்று தேடிப் போய் பேஜ் பெயரைப் போட்டால் இப்போது ஓடுகிற விளம்பரங்கள், ஆரம்பித்த தேதியோடு வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'கேம்பெய்ன் லைவ்' என்று அவர்கள் மெசேஜ் போட்ட வாரம் அதில் எதுவுமே இல்லை. உங்கள் பேஜை இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.

நிறுத்திக்கொள்கிறோம் என்றதும் "விளம்பர அக்கவுன்ட் எங்களுடையது, தர முடியாது" என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பழைய டேட்டா எதுவும் கையில் இல்லை. பேஜ் அட்மின் உரிமையை வாங்கவே பெரும்பாடு.

இப்போது அக்கவுன்ட் எங்கள் மெயிலில், எங்கள் கார்டில். எந்த ஊருக்கு விளம்பரம் என்று சொல்லும் லொகேஷன் செட்டிங்கில், அந்த ஊரில் 'ஆர்வம் உள்ளவர்கள்' என்பதை எடுத்துவிட்டு, அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றினோம். விளம்பரத்துக்கென்று தனியாக ஒரு சிம், அந்த நம்பரை வேறெங்கும் கொடுப்பதில்லை, அதனால் அதில் மணி அடித்தால் விளம்பரம் பார்த்தவர் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப் லிங்கைத் தட்டினால் மெசேஜில் தானாக வரும் முதல் வரியும் கூகுளுக்கு ஒன்று, இன்ஸ்டாவுக்கு வேறு. மாதக் கடைசியில் செலவை ஆர்டர் எண்ணிக்கையால் வகுக்கிறோம், கிளிக்கை யாரும் கேட்பதில்லை. ஆர்டர் கொட்டுகிறது என்று சொல்லமாட்டேன், ஆனால் எது தண்டம் என்று தெரிந்து நிறுத்த முடிகிறது.

'கேரண்டி லீட்' (வாங்க விசாரிக்கும் ஆட்கள் நிச்சயம்) என்று உங்களுக்கு போன் வந்தால், அக்கவுன்ட் என் மெயிலில் திறப்பீர்களா, கூகுள் பில் என் ஜிஎஸ்டி நம்பரில் வருமா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 'கம்பெனி பாலிசி சார்' என்று இழுத்தால் போனை வைத்துவிடுங்கள்.