ரூ.14,500 போச்சு: பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. கையில் இருப்பது நிக்கான் டி5300 கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். எங்களுடையது ஓட்டு வீடு, உள்ளே பகலிலும் இருட்டு. அந்த லென்ஸை 55-க்கு இழுத்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத்தான் லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடும்). அம்மாயி மடியில் என் மகளை வைத்து எடுத்த படமெல்லாம் கலங்கல். அம்மாயிக்கு 82 வயது. மகளுக்குக் காதுகுத்து வேறு வருகிறது. நல்ல லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்று வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் பஸ் ஏறினேன். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன், மடையன்.

பழைய கேமரா வாங்கி விற்கும் கடை அது. ஊர்ப் பேரைச் சொன்னதும், "அட, என்ற மாமியார் ஊரு சித்தூருங்க தம்பி" என்று டீ சொன்னார். போனில் மகள் படத்தைக் காட்டச் சொன்னார். "இந்தக் கண்ணுக்கு 85 எஃப் 1.8 லென்ஸ் போட்டா எப்படி இருக்கும் தெரியுமா?" அங்கேதான் விழுந்தேன். கடையில் இருந்த நிக்கான் டி7200 கேமராவில் மாட்டிக் காட்டினார். சட்டென்று ஃபோகஸ் ஆனது. ரூ.14,500 எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு வெறும் துண்டுச் சீட்டு.

வீட்டில் மாட்டினால் ஃபோகஸ் அசையவே இல்லை. போன் செய்தேன். "லென்ஸ் பின்னாடி இருக்கற கான்டாக்டைத் துடைச்சுப் பாருங்க." துடைத்தேன். "எஃப் எண் வளையத்தை 16-இல் வெச்சு லாக் பண்ணுங்க." பண்ணினேன், அப்போதும் இல்லை. மறுநாள் "ஓனர் சபரிமலைக்குப் போயிட்டாரு." டீ வாங்கிக் கொடுத்தவரே ஓனர்தானே! அதன்பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்.

சித்தூரில் கல்யாணப் படம் எடுக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அது பழைய 'டி' வகை லென்ஸ், உள்ளே ஃபோகஸைத் திருப்பும் மோட்டார் கிடையாது, கேமராவில் இருக்கும் மோட்டார்தான் திருப்ப வேண்டும். டி7200-க்குள் மோட்டார் இருக்கிறது, என் டி5300-இல் இல்லை. என்னிடம் என்ன கேமரா என்று கேட்டுவிட்டுத்தான் அந்த ஆள் விற்றார். அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார், கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. "வீட்டுக்குள்ள எடுக்க 50 போதும்னு அப்பவே சொன்னேன். உன் கேமராவுல 85 போட்டா 127 மாதிரி ரொம்பக் கிட்டத்துல காட்டும், பின்னாடி போய்ப் போய் முதுகு செவுத்துல முட்டும்" என்று அதற்கும் ஒரு திட்டு. ரூ.14,500-க்குத் திட்டும் சேர்த்து.

காதுகுத்து முடிந்துவிட்டது. கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் இரண்டு வயசுக் குழந்தை நிற்குமா? அம்மாயி அவளை மடியில் வைத்திருந்த படம் மச்சான் போனில்தான் இருக்கிறது.

சரி, வாங்குகிறவர்களுக்கு: உங்கள் கேமராவையே கொண்டுபோய் அதில் மாட்டிப் பாருங்கள். இந்த மாதிரி சின்ன நிக்கான் வைத்திருந்தால் லென்ஸில் ஏஎஃப்-எஸ் (லென்ஸுக்குள்ளேயே மோட்டார்) என்று இருக்கிறதா பாருங்கள், வெறும் ஏஎஃப் என்றால் வேண்டாம். டார்ச் அடியுங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்துவிட்டேன். கடை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பாலக்காடு பஸ்ஸுக்கு நேரமாச்சு, துண்டுச் சீட்டை வேறு தேட வேண்டும்.