ராஸ்பெர்ரி பை 4: வைஃபை ஊர்ந்தால் மானிட்டர் கேபிளைச் சந்தேகப்படுங்கள்

"பை 4-ல வைஃபை ஊருது, போர்டு போச்சா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். (ராஸ்பெர்ரி பை 4 என்பது ஒரே போர்டில் அடங்கும் சின்னக் கணினி.) போர்டு போயிருக்காது. மானிட்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன்.

சும்மா சொல்லவில்லை. இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழியே கட்டளை தட்டும் வழி) நுழைந்து, நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளை உருவுங்கள். வேகம் எகிறினால் ஆள் சிக்கிவிட்டார். (ஃபைல் காப்பி செய்து அளக்க வேண்டாம், எஸ்டி கார்டின் மந்தமும் அதில் கலந்துவிடும்.)

2560×1440 மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடும்போது பிக்சல் கிளாக் (பிக்சல்களை அனுப்பும் வேகம்) 241.5 மெகாஹெர்ட்ஸ். கேபிளின் ஒவ்வொரு டேட்டா இணையிலும் அதன் பத்து மடங்கு வேகத்தில் பிட்டுகள் ஓடும். நொடிக்கு 2,415 மெகாபிட். வைஃபை சேனல் 1-இன் மையமோ 2,412 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனா போர்டிலேயே பொறித்தது, வெளி ஆன்டெனா மாட்ட இடமும் கிடையாது. மட்டமான கேபிளில் கசியும் இரைச்சல் நேராக அதன் தலையில்தான் இறங்கும். திரையை 1920×1080-க்கு இறக்கினால் கிளாக் 148.5 ஆகிவிடும், தொல்லை விடும். தெளிவைக் குறைக்க மனமில்லையென்றால் ரூட்டரை சேனல் 11-க்கு மாற்றுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதுவே மேல். ஆனால் பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் வைஃபை நாட்டைச் சரியாகக் குறித்திருக்க வேண்டும். தவறினால் சில 5 கிகா சேனல்கள் கண்ணிலேயே படாது.

நீல யூஎஸ்பி 3 போர்ட்டில் எஸ்எஸ்டி மாட்டியிருந்தாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இதே கூத்துதான். ஷீல்டு நன்றாக உள்ள கேபிளாகப் பார்த்து, டிரைவைப் போர்டிலிருந்து தள்ளி வையுங்கள். உலோகப் பெட்டிக்குள் போர்டை அடைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று புலம்புபவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

வேகம் சரிதான், எஸ்எஸ்எச்சில் தட்டும் எழுத்துதான் திக்கித் திக்கி வருகிறது என்றால் அது வேறு வியாதி: பவர் சேவ், அதாவது மின்சாரம் மிச்சப்படுத்த வைஃபை சிப் அவ்வப்போது தூங்குவது. சிப் தூங்கும் நேரத்தில் வரும் பாக்கெட்டுகளை ரூட்டர் பிடித்து வைத்து, பீக்கன் என்ற தன் அறிவிப்பு சிக்னலுக்குப் பிறகே தள்ளும். பீக்கன் இடைவெளி வழக்கமாக 102.4 மில்லிநொடி. பையிலிருந்து ரூட்டருக்குப் பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) செய்தால் எல்லாம் நலம். வெளியிலிருந்து பைக்குச் செய்தால்தான் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். நெட்வொர்க் அமைப்புக் கட்டளையான என்எம்சிஎல்ஐ-யில் அந்த வைஃபை இணைப்பின் பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கி, இணைப்பை இறக்கி ஏற்றுங்கள். அணைக்கத்தான் 2. பூஜ்யம் போட்டால் பழைய இயல்புநிலைக்கே போய்விடும். எந்தப் புண்ணியவான் இப்படி எண் கொடுத்தாரோ! எப்போதும் கரண்ட்டில் செருகியே இருக்கும் போர்டுக்கு இந்தத் தூக்கம் எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை.

மற்றபடி அருமையான போர்டு. லேன் கேபிள் செருகும் ஈத்தர்நெட் நிஜமான கிகாபிட். ஐபெர்ஃப்பில் 940 மெகாபிட் வரை அசராமல் தரும். நண்பர் அடுத்து, "அப்போ டிவி பக்கத்துல வைக்க இன்னொன்னு வாங்கலாமா?" என்றார். லேன் கேபிள் அங்கே எட்டாதாம். வேண்டாம் என்றுவிட்டேன்.