சாய்ந்த புத்தக றாக்கையை நிமிர்த்தித் தருவதாக வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே ஒரு பழைய தொடர்மாடியில் நாங்கள் இருக்கிறோம். எங்கள் வீட்டுப் புத்தக றாக்கையைத் திருத்த வந்த ஒருவர் 18,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டிவிட்டுப் போனார். எட்டாம் நாள் மேல்தட்டு புத்தகங்களோடு கீழே விழுந்தது. அதற்கு இருபது நிமிடம் முன்புவரை என் மகள் அதன் அடியில் பாய் போட்டுப் படம் கீறிக்கொண்டிருந்தாள். போன பணத்தை நான் மறந்துவிடுவேன். அந்த இருபது நிமிடத்தை மறக்க முடியவில்லை.

றாக்கை அப்பாவுடையது. ஆறடி உயரம், நாலடி அகலம், ஐந்து தட்டுகள். மெலமைன் ஒட்டிய சிப்போர்ட் பலகையில் செய்தது. தெஹிவளை வீட்டிலிருந்து இங்கே வரும்போது லொறியில் ஏற்றி இறக்கியதில் பின்பக்கத்து ஹார்ட்போர்ட் மேல்பாதியில் பிய்ந்துவிட்டது. சுவரோடு ஒட்டி வைத்துவிட்டதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சில மாதங்களில் றாக்கை வலப்பக்கமாக இரண்டு விரல் அளவுக்குச் சாய்ந்தது. தட்டுகளும் நடுவில் தொய்ந்தன.

தொலைபேசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வீட்டுக்கே வந்து தளபாடம் திருத்துவார்களாம். கூப்பிட்டேன், அடுத்த நாளே வந்தார். மரியாதையான பேச்சு. என்னை அக்கா என்றும் அம்மாவை அம்மா என்றும் கூப்பிட்டார். றாக்கையைக் கையால் ஆட்டினார், குனிந்து காலைப் பார்த்தார்.

"நிலம் மட்டமில்லை அக்கா, அதாலதான் சாயுது. காலுக்கு முட்டுக் குடுத்து, பின்னால புதுசா ஆறு மில்லிமீட்டர் பிளைவூட் அடிச்சா பத்து வருசத்துக்கு அசையாது."

இதில் முதல் பாதி பொய், இரண்டாம் பாதி உண்மை. பிளைவூட் என்று அவர் சரியாகச் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. 10,000 ரூபாய் முற்பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன்.

வேலை நடந்த அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். அம்மா புத்தகங்களை இறக்கத் தொடங்கியபோது, "எல்லாம் இறக்கத் தேவையில்லை அம்மா, மேல் ரெண்டு தட்டு போதும்" என்றிருக்கிறார். அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். றாக்கையை வெறுமையாக்கி, குப்புறப் படுக்க வைக்காமல் பின்பலகை அடிக்க முடியாது. அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? பிளேன்டீ போட்டுக் கொடுத்து, மிச்சம் 8,000 ரூபாயையும் கையில் கொடுத்துவிட்டார். மொத்த வேலையும் ஐம்பது நிமிடம். பற்றுச்சீட்டைக் கேட்டதற்கு நாளைக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்தான்.

மாலையில் வந்து பார்த்தேன். நேராகத்தான் நின்றது. முன்பக்கத்தை மட்டும் பார்த்து நிம்மதியடைந்தேன்.

தட்டு விழுந்த பிறகு எல்லாவற்றையும் இறக்கி, றாக்கையைச் சுவரிலிருந்து இழுத்துப் பார்த்தோம். ஆறு மில்லிமீட்டர் பிளைவூட் எங்கேயும் இல்லை. பழைய ஹார்ட்போர்டின் கீழ்ப்பாதிக்குப் புது ஆணிகள் அடித்திருந்தார். பிய்ந்த மேல்பாதியில் காட்போர்ட் பெட்டி ஒன்றை வெட்டி வைத்து, அதன்மேல் மர நிற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். சாய்ந்த பக்கத்துக் கால்களுக்கு அடியில் இரண்டு மர ஆப்புகள். தட்டுகள் அசையாமலிருக்கப் பக்கப் பலகைக்கு வெளியிலிருந்து நீள ஆணிகள் அடித்ததில், சிப்போர்ட் வாய் பிளந்திருந்தது. மேல்தட்டு விழுந்ததற்குக் காரணம் இந்தப் பிளவுதான். சிப்போர்ட் என்பது மரத்தூளையும் சீவலையும் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. அதன் விளிம்பில் ஆணி இறங்கினால் பிடிமானம் கிடைக்காது, பலகை உடையத்தான் செய்யும். தச்சு வேலை தெரிந்த எவருக்கும் இது தெரியும்.

இதைவிடப் பயங்கரமானது சுவர்ப்பக்கம். றாக்கையை இரண்டு எல் வடிவ இரும்புகளால் சுவரோடு பூட்டியிருந்தார். திருகாணிக்கு வோல் பிளக் (சுவர்த் துளைக்குள் திருகாணியை இறுக்கிப் பிடிக்கும் சிறு உறை) கிடையாது. சீமெந்துப் பூச்சுக்குள் மட்டும் திருகியிருந்தார். நான் விரலால் இழுத்ததும் ஒன்று மண்ணோடு கையில் வந்தது. ஒரு தட்டின் புத்தகங்களைப் பிறகு நிறுத்துப் பார்த்தோம், 38 கிலோ. அப்படி ஐந்து தட்டுகள் ஒரு பிள்ளையின் பக்கம் சரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தளபாடம் சரிவதை யாரும் சின்ன விஷயமாக எடுக்க வேண்டாம். 2016இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 29 மில்லியன் லாச்சி அலுமாரிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. சுவரோடு பூட்டாத அலுமாரி சரிந்து பிள்ளைகள் இறந்ததுதான் காரணம்.

அவரைக் கூப்பிட்டேன். மூன்று நாட்கள் பதிலில்லை. அண்ணாவின் தொலைபேசியிலிருந்து எடுத்தபோதுதான் பேசினார். "பலகை பழசு அக்கா, அது தாங்காது. 45,000 தாங்க, புதுசா செஞ்சு தாறன்." பலகை தாங்காது என்றால் 18,000 ரூபாய் வாங்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தொடர்பைத் துண்டித்துவிட்டார். எங்கள் கட்டிடத்திலேயே இரண்டாம் மாடியில் இருக்கும் ஓர் அக்காவுக்கு, சமையலறை அலுமாரி விஷயத்தில் வேறொருவர் இதே போலச் செய்திருக்கிறார். முதலில் ஒட்டுவேலை, அது பிய்ந்ததும் புதிது வாங்கச் சொல்வது.

அப்புறம் மொரட்டுவையில் பல வருடம் தளபாடம் செய்த ஒரு வயதான ஓடாவியாரை (தச்சரை) மாமா கூட்டிவந்தார். அவர் ரசமட்டத்தை முதலில் நிலத்தில் வைத்துக் காட்டினார். நிலம் மட்டமாகத்தான் இருந்தது. பிறகு அளவு நாடாவை மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்தார். ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட நாலு சென்ரிமீட்டர் நீளம். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: செவ்வகத்தில் இரண்டும் சமம், சமமில்லை என்றால் அது இணைகரமாகச் சரிந்துவிட்டது. நாலு பலகையை மூலைகளில் மட்டும் பூட்டினால் எந்தச் சட்டமும் இப்படிச் சரியும். அதைச் சரியவிடாமல் பிடித்திருப்பது பின்பலகை. அது பிய்ந்த றாக்கைக்குக் காலில் ஆப்பு வைத்தால் சாய்வு கண்ணுக்கு மறையும், சட்டம் தளர்ந்தபடியேதான் இருக்கும்.

பிளைவூட்டைப் பழைய சோனகத் தெருவில் நாங்களே வாங்கினோம். எட்டடிக்கு நாலடித் தாள் ஒன்று, அதில் ஆறடி வெட்டினால் எங்கள் றாக்கைக்கு அளவாக இருந்தது. ஓடாவியார் றாக்கையைப் பாயில் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வரும்வரை தள்ளினார். பிறகு பசை பூசி, சுற்றிலும் ஆறு அங்குலத்துக்கு ஒரு திருகாணி போட்டார். ஆணி வேண்டாம் என்றார், கடற்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்து இளகிவிடும். துருப்பிடிக்காத திருகாணிகளையே வாங்கச் சொன்னார். பிளந்த இடங்களுக்கு உள்ளிருந்து மரச் சட்டம் வைத்துத் தட்டுகளை அதன்மேல் இருத்தினார். ஈரம் குடித்து ஊதியிருந்த அடித்தட்டை மட்டும் மாற்றினோம். ஊதிய சிப்போர்ட் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது.

தொய்வுக்கு அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் தாங்கலாக நிற்கும் சட்டம் ஒன்று வைத்தார், அவ்வளவுதான். நாலடித் தட்டு இரண்டு இரண்டடித் தட்டாகிறது. நீளம் பாதியானால், அடிக்கு அதே பாரம் இருந்தாலும் தொய்வு ஏறத்தாழ 16இல் ஒரு பங்காகக் குறையும். கடைசியாகச் சுவர்: பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை துளையிட்டு, பிளக் இறக்கி, இரும்பைப் பூட்டினார். மகளைத் தூரமாக நிற்கச் சொல்லிவிட்டு, றாக்கையைப் பிடித்து முழுப்பலத்தோடு இழுத்துக் காட்டினார். பொருளும் கூலியும் சேர்த்து 17,500 ரூபாய், ஒரு முழு நாள் வேலை.

நீங்கள் யாரையாவது கூப்பிட்டால், பின்பலகையின் தடிப்பையும் அளவையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். றாக்கையைச் சுவரோடு தள்ளும் முன் பின்பக்கத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். வீட்டில் வயதானவர் மட்டும் இருக்கும் நாளில் வேலையை வைக்காதீர்கள். மிச்சப் பணத்தை பற்றுச்சீட்டு கையில் வந்த பிறகு கொடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்யலாம். துரித இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நாளைக் கடத்தாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லை என்பதால் நான் வங்கிப் பரிமாற்ற விபரம், அவருடைய குரல் பதிவுகள், பின்பக்கத்துப் படங்கள் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த ஆப்புகள் இரண்டும், ஸ்டிக்கர் ஒட்டிய காட்போர்டும் ஒரு பையில் கட்டி அலுமாரிக்கு மேலே இருக்கின்றன. விசாரணைக்குக் கூப்பிட்டால் கொண்டுபோவேன்.