கேட்டபல்ட்டா, ஸ்கை ஜம்ப்பா? என் ஓட்டு எதற்கு, ஏன்

விமானம் தாங்கிக் கப்பல்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் சீக்கிரமே இந்தக் கேள்வியில் வந்து நிற்பீர்கள். விமானத்தைப் பிடித்து இழுத்து வானத்தில் வீசும் கேட்டபல்ட் நல்லதா, தளத்தின் முன்முனையை மேல்நோக்கி வளைத்துக் கட்டி விமானத்தைத் தன் பலத்திலேயே ஓடிப் பறக்க விடும் ஸ்கை ஜம்ப் நல்லதா? டிசிஎஸ் என்ற கணினி விமான சிமுலேட்டரில் கப்பல் விமானம் ஒன்றை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தபோது எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. ரஷ்யாவின் குஸ்நெட்சோவ் கப்பலில் சுகோய்-33, அல்லது அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பலில் எஃப்/ஏ-18 ஹார்னெட். இரண்டிலும் கொஞ்ச காலம் பறந்துவிட்டு ஹார்னெட் பக்கம் போய்விட்டேன். நிஜத் தளத்தில் நான் நின்றதில்லை, சிமுலேட்டரும் வாசிப்பும்தான் என் அனுபவம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இறங்குவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இந்த இரண்டு கப்பல்களிலும் அது ஏறக்குறைய ஒன்றுதான்: சாய்வாகப் போட்ட இறங்குதளம், குறுக்கே எஃகு வடங்கள், விமானத்தின் வாலில் கொக்கி. சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி எஞ்சினைக் குறைக்க மாட்டார், முழு பலத்துக்குத் தள்ளுவார். கொக்கி வடத்தில் மாட்டாமல் போனால் மறுபடி மேலே ஏற வேண்டுமே. 2016இல் சிரியாவுக்கு அருகே குஸ்நெட்சோவ் மூன்று வாரத்துக்குள் இரண்டு விமானங்களை இழந்ததற்கு இந்த வடங்களில் வந்த கோளாறுதான் காரணம், ஸ்கை ஜம்ப்பின் மேல் பழி போட முடியாது. ஹாரியர், எஃப்-35பி மாதிரி செங்குத்தாக இறங்குகிறவை தனிக் கதை.

ஆக, வித்தியாசமெல்லாம் கிளம்புவதில்தான்.

ஸ்கை ஜம்ப்பை யோசித்தவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி டக் டெய்லர். 1970களின் தொடக்கத்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்விலிருந்து வந்தது இது. விமானம் தளத்தின் விளிம்பை விடும்போது அதற்குப் பறக்கப் போதுமான வேகம் இருக்காது. ஆனால் மேல்நோக்கிக் கிளம்பிவிட்டதால், எறிந்த கல் வளைந்து கீழே திரும்புவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகள் அதற்குக் கிடைக்கின்றன. அதற்குள் எஞ்சின் மிச்ச வேகத்தைச் சேர்த்துவிடும். பிரிட்டனின் ஹெர்மீஸ் கப்பலில் 12 டிகிரி வளைவு இருந்தது. அதே கப்பல்தான் 1987இல் நம் ஐஎன்எஸ் விராட் ஆனது. இப்போதைய விக்ரமாதித்யாவிலும் விக்ராந்திலும் ஏறக்குறைய 14 டிகிரி. நகரும் பாகம் என்று இதில் எதுவுமே இல்லை. நீராவி, பிஸ்டன், எண்ணெய், பழுது பார்க்கும் ஆள் எதுவும் தேவையில்லை. கப்பல் இருக்கும்வரை அது இருக்கும், அவ்வளவுதான்.

கேட்டபல்ட் இதற்கு நேரெதிர். நிமிட்ஸ் வகைக் கப்பல் ஒவ்வொன்றிலும் நான்கு நீராவிக் கேட்டபல்ட்டுகள், ஒவ்வொன்றும் தொண்ணூறு மீட்டருக்கு மேல் நீளம். இரண்டு மூன்று நொடியில் விமானத்தை நின்ற இடத்திலிருந்து மணிக்கு 250 கி.மீட்டருக்கு மேல் கொண்டுபோய்விடும். விமானத்தின் முன்சக்கரத்தில் உள்ள கம்பி, தளத்தில் ஓடும் ஷட்டிலில் மாட்டும். பின்னால் ஒரு பிடிகம்பி விமானத்தைக் கட்டி நிறுத்தியிருக்கும்; எஞ்சின் முழு பலத்தில் உறுமினாலும் விடாது, கேட்டபல்ட்டின் இழுப்பும் சேர்ந்து குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் விடும். தள ஊழியர் ஒருவர் விமானத்தின் எடையை எழுதிய பலகையை விமானியிடம் காட்டுவார், விமானி சரி என்று சைகை செய்தால்தான் அந்த எடைக்கு ஏற்ற நீராவி அழுத்தம் வைக்கப்படும். குறைவாக வைத்தால் விமானம் நேராகக் கடலுக்குள். ஹார்னெட்டில் கிளம்பும் நொடியில் விமானியின் வலது கை ஸ்டிக்கைப் பிடித்திருக்காது, கண்ணாடிக் கூண்டின் சட்டத்தில் உள்ள கைப்பிடியைப் பிடித்திருக்கும். எடையைப் பார்த்து முன்கூட்டியே 16 முதல் 19 டிகிரி வரை ட்ரிம் (மூக்கின் கோணத்துக்கான முன்னமைப்பு) வைத்துவிட்டால், மூக்கை எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை விமானமே பார்த்துக்கொள்ளும்.

சிமுலேட்டரில் சுகோய்-33 கிளம்புவதும் அழகுதான். சக்கரத்துக்கு முன்னால் தளத்திலிருந்து தடுப்புக் கட்டைகள் எழுந்து நிற்கும், ஆஃப்டர்பர்னரை (எஞ்சினின் பின்பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து பலம் கூட்டும் பகுதி) முழுதாகப் போட்டு எஞ்சின் பலம் ஏறியதும் கட்டை கீழே இறங்கும். பிறகு ஓட்டம், வளைவு, வயிற்றில் ஒரு கனம், அடுத்த சில நொடி மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று தெரியாத ஒரு மிதப்பு. எரிபொருளையும் ஏவுகணையையும் நிறைய ஏற்றிக்கொண்டு முன்பக்கத்துக் குறுகிய ஓட்ட இடங்களில் நின்றால் அந்த மிதப்பு கடலில்தான் முடியும். நீண்ட ஓட்டம் வேண்டுமென்றால் தளத்தின் பின்பக்கம் போக வேண்டும், அந்த இடமோ இறங்குதளத்தின் மேலேயே இருக்கிறது. அங்கிருந்து ஒருவர் கிளம்பும்போது இன்னொருவர் இறங்க முடியாது. நிமிட்ஸில் முன்முனைக் கேட்டபல்ட்டுகள் இரண்டும் இறங்குதளத்துக்கு வெளியே இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

எல்லோரும் குண்டின் எடையைப் பற்றித்தான் வாதாடுகிறார்கள், கேட்டபல்ட் இருந்தால் இத்தனை டன் அதிகம், இல்லாவிட்டால் இத்தனை டன் குறைவு என்று. என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். என் முடிவைத் தீர்மானித்தது போர் விமானமே அல்லாத ஒன்று: முதுகில் ஏழு மீட்டர் அகல ரேடார் தட்டைச் சுமக்கும், இரட்டை ப்ரொப்பெல்லர் வைத்த ஈ-2 ஹாக்கை (Hawkeye) என்ற ரேடார் விமானம்.

ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பூமி வளைந்திருப்பதால் ரேடாரின் பார்வை அதன் உயரத்தைப் பொறுத்தது. கப்பலின் கம்பத்தில் 30 மீட்டர் உயரத்தில் ரேடார் இருக்கிறது, கடல் மட்டத்துக்கு ஐந்து மீட்டர் மேலே ஏவுகணை ஒன்று வருகிறது என்றால், அது 32 கி.மீ. தூரத்துக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். ஒலியை விடச் சற்றுக் குறைந்த வேகத்தில் வரும் ஏவுகணைக்கு அந்தத் தூரம் ஒன்றே முக்கால் நிமிடம். பார்த்து, நண்பனா எதிரியா என்று தீர்மானித்து, சுட்டு வீழ்த்த வேண்டியது எல்லாம் அதற்குள்தான். அதே ரேடாரை ஹாக்கையில் வைத்து 7,500 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் அடிவானம் 350 கி.மீட்டருக்கு அப்பால் தள்ளிப் போகிறது. அதுவும் ஹாக்கை கப்பலின் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, 300 கி.மீ. முன்னால் போய் மணிக்கணக்கில் நின்று பார்க்கும்.

ஸ்கை ஜம்ப் கப்பல்களில் இந்த வேலையை ஹெலிகாப்டர் செய்கிறது. நம்மிடம் கமோவ்-31 இருக்கிறது, நல்ல ஹெலிகாப்டர்தான். ஆனால் அது ஏறுவது சுமார் 3,500 மீட்டர், காற்றில் இருப்பது இரண்டரை மணி நேரம், ஓடும் வேகமும் குறைவு. போய்ச் சேருவதிலும் திரும்புவதிலும் பாதி நேரம் கழிந்துவிடும். ஹாக்கை ஏன் ஸ்கை ஜம்ப்பில் கிளம்பக்கூடாது? 25 டன் கனத்துக்கு அதன் ப்ரொப்பெல்லர்களின் இழுவிசை, ஆஃப்டர்பர்னர் போட்ட ஜெட்டைப் போல அந்தச் சில நொடியில் வேகத்தைச் சேர்த்துத் தராது. எந்தக் கடற்படையும் இதுவரை இப்படி ஒரு விமானத்தை ஸ்கை ஜம்ப் கப்பலில் பணியில் வைத்ததில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான உதாரணம் 1982 ஃபாக்லாந்து போர். மே 2 அன்று அர்ஜென்டினாவின் வேய்ன்டிசின்கோ டே மாயோ கப்பலில் ஸ்கைஹாக் விமானங்கள் குண்டுகளோடு தயாராக நின்றன. அந்தக் கப்பலில் கேட்டபல்ட் இருந்தது. ஆனால் காற்று அடங்கிப்போனது, பழைய கப்பலின் வேகமும் கேட்டபல்ட்டின் பலமும் சேர்ந்து அந்தக் கனத்தைத் தூக்கப் போதவில்லை, தாக்குதலே நடக்கவில்லை. எதிரே பிரிட்டிஷ் சீ ஹாரியர்கள் ஸ்கை ஜம்ப்பிலிருந்து எந்தத் தகராறும் இல்லாமல் பறந்துகொண்டிருந்தன. இதை நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

சரி, இரண்டே நாளில் என்ன நடந்தது? மே 4 அன்று பிரிட்டனின் ஷெஃபீல்டு நாசகாரிக் கப்பலை அர்ஜென்டினா விமானம் ஏவிய எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது, 20 பேர் இறந்தார்கள். பிரிட்டனிடம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை கேட்டபல்ட் வைத்த ஆர்க் ராயல் கப்பலும் அதிலிருந்து பறக்கும் கேனெட் என்ற ரேடார் விமானமும் இருந்தன. 1978-79இல் இரண்டையும் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பதிலாக அவசர அவசரமாகச் சீ கிங் ஹெலிகாப்டரில் ரேடார் மாட்டி அனுப்பியது போர் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. அன்று மேலே ஒரு கேனெட் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் தாழப் பறந்து வந்த விமானங்களை முன்கூட்டியே பார்க்க ஒரு கண்ணாவது இருந்திருக்கும்.

நம் வரலாற்றிலும் இது நடந்திருக்கிறது. 1961இல் வந்த பழைய விக்ராந்தில் நீராவிக் கேட்டபல்ட் இருந்தது, அலிஸே என்ற ப்ரொப்பெல்லர் விமானம் அதிலிருந்து பறந்தது. 1980களின் கடைசியில் கேட்டபல்ட்டை எடுத்துவிட்டு ஸ்கை ஜம்ப் வைத்தபோது சீ ஹாரியர் தங்கியது, அலிஸே கரைக்குப் போய்விட்டது.

நம் கப்பல்கள் சின்னவை, அமெரிக்கக் கதை நமக்குப் பொருந்தாது என்பவர்கள் பிரான்ஸைப் பார்க்கலாம். சார்ல் டி கோல் கப்பல் சுமார் 42,500 டன், ஏறக்குறைய விக்ராந்தின் அளவு. அதில் 75 மீட்டர் நீளத்தில் இரண்டு கேட்டபல்ட்டுகள், ஹாக்கையும் பறக்கிறது. ஹாக்கைக்காகத் தளத்தை நான்கு மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டி வந்தது, நீட்டினார்கள். உண்மையான தடை நீராவிதான். சார்ல் டி கோலில் அணு உலை இருப்பதால் நீராவி கிடைக்கிறது. விக்ராந்த் எல்எம்2500 எரிவாயு டர்பைன்களில் ஓடுகிறது, கேட்டபல்ட்டுக்கு நீராவி வேண்டும் என்றால் தனியாகக் கொதிகலன்தான் கட்ட வேண்டும்.

நீராவிக்குப் பதில் மின்சாரத்தால் இழுக்கும் மின்காந்தக் கேட்டபல்ட் அந்தத் தடையைத் தாண்டும் வழி, ஆனால் அதைப் பராமரிப்பது லேசான காரியமில்லை. அமெரிக்காவின் ஃபோர்டு கப்பலுக்கு 4,166 ஏவல்களுக்கு ஒரு பழுது என்று இலக்கு வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் 3,975 ஏவல்களைக் கணக்கெடுத்தபோது 181 ஏவல்களுக்கு ஒரு பழுது வந்திருந்தது. பறக்கும் நேரத்தில் ஒரு கேட்டபல்ட்டை மட்டும் மின்சாரத்திலிருந்து தனியே பிரித்துப் பழுது பார்க்கவும் வசதியில்லை. ஸ்கை ஜம்ப்புக்கு இந்தத் தலைவலி எந்நாளும் கிடையாது. பிரிட்டன் 2010இல் தன் புதுக் கப்பலுக்குக் கேட்டபல்ட் வைக்க முடிவு செய்து, ஒரே ஒரு கப்பலை மாற்றும் செலவு 200 கோடி பவுண்டை நெருங்கியதும் 2012இல் பழையபடி ஸ்கை ஜம்ப்புக்கே திரும்பியது. அந்த நிலைமையில் நானும் அதையேதான் செய்திருப்பேன். சீனா எதிர்த்திசையில் போனது: லியாவோனிங்கும் ஷான்டோங்கும் ஸ்கை ஜம்ப், 2025 நவம்பரில் பணியில் சேர்ந்த ஃபூஜியனில் அணு உலை இல்லாமலே மூன்று மின்காந்தக் கேட்டபல்ட்டுகள். அதிலிருந்து கேஜே-600 என்ற ரேடார் விமானம் கிளம்பியதையும் காட்டிவிட்டார்கள். ஆனால் வருடக்கணக்கில் கடலில் ஓட்டினால் அது எப்படித் தாங்கும் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவுக்கு இப்போதைக்கு ஸ்கை ஜம்ப் போதும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நம் கரைக்கு அருகே என்றால் அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து பி-8ஐ கண்காணிப்பு விமானம் வந்து கடலைப் பார்த்துக்கொள்ளும். 2025 ஏப்ரலில் ஒப்பந்தமான 26 ரஃபேல்களில் கப்பலுக்கான 22உம் கேட்டபல்ட்டுக்காக வடிவமைத்தவை என்றாலும், ரஃபேல்-எம் கோவாவில் கரையில் கட்டிய வளைவிலிருந்து பறந்து காட்டியிருக்கிறது. ஆனால் அரக்கோணத்திலிருந்து ரொம்ப தூரம் போய்விட்ட கப்பலுக்கு யார் கண்ணாக இருப்பார்கள் என்ற கேள்விக்கு அந்த 22 விமானங்களும் பதில் இல்லை. அதனால் மூன்றாவது கப்பல் கட்டுவதாக இருந்தால், செலவைப் பார்த்துத் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை, கேட்டபல்ட்டோடு கட்டட்டும் என்பது என் கட்சி.

சிமுலேட்டருக்காக மட்டும் கேட்கிறவர்களுக்கு: முதலில் சுகோய்-33 ஓட்டிப் பாருங்கள், முன்பக்க இடத்திலிருந்து எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய்க் கிளம்புங்கள். எடை என்ன செய்யும் என்பது அதில் பிடிபடுகிற மாதிரி ஹார்னெட்டில் பிடிபடாது.